கூலியா, கைவிசேடமா? வயதானவர்களை நடக்கவைக்கும் ஊக்குவிப்பு பற்றி

மட்டக்களப்பு கல்லடியில் இருக்கும் என் அம்மாவுக்கு 71 வயது. சீனி வருத்தம், கொஞ்சம் பிரசர், மாரி காலத்தில் முழங்கால் உழைவு. கிளினிக்குக்குப் போகும் ஒவ்வொரு முறையும் "நடவுங்க அம்மா" என்று சொல்லித்தான் அனுப்புவார்கள். கொப்பியிலும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அம்மா நடந்ததெல்லாம் அடுப்படியிலிருந்து கடப்படி (வளவு வாசல்) வரைக்கும்தான்.

டோகாவில் வேலை செய்யும் தம்பி போன வருடம் ஒரு வழி கண்டுபிடித்தான். அம்மா அரை மணி நேரம் நடக்கிற ஒவ்வொரு நாளுக்கும் நூறு ரூபாய், மாதக் கடைசியில் கணக்குப் பார்த்து அனுப்புவது. போனில் இதைக் கேட்டதும் அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. "நடக்கிறதுக்குக் காசோ? நான் என்ன, வெள்ளாம வெட்டக் கூலிக்குப் போறவளா மனே?" என்று கேட்டா. ஆனாலும் மகன் மனம் கோணக்கூடாதென்று பதினொரு நாள் நடந்தா. பன்னிரண்டாம் நாள் மழை பெய்தது. அதோடு நடை நின்றது.

தம்பி செய்ய நினைத்ததற்குப் பொது சுகாதாரத் துறையில் ஒரு பெயர் உண்டு: ஊக்குவிப்பு. ஒருவருக்கு நல்லதென்று தெரிந்தும் அவர் செய்யாமலிருக்கும் காரியத்தைச் செய்யவைக்க, கூடவே ஒரு சிறு பலனைச் சேர்த்துக் கொடுப்பதுதான் அது. பலன் காசாக இருக்கலாம், பொருளாக இருக்கலாம், நாலு பேர் முன்னால் கிடைக்கிற பாராட்டாகவும் இருக்கலாம். தம்பியின் யோசனை தவறில்லை, கொடுத்த விதம்தான் சரிவரவில்லை. ஏன் சரிவரவில்லை என்று தேடிப் படித்ததில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நடக்காமலிருப்பவர்களைச் சோம்பேறி என்று சொல்லிவிடுவது சுலபம். அவர்கள் பக்கத்துக் கணக்கை யாரும் பார்ப்பதில்லை. நடப்பதற்கான செலவு முழுவதும் இன்றைக்கே கையைக் கடிக்கிறது. உழைவெடுக்கும் முழங்கால், வியர்வை, தெருநாய், "இந்த நேரத்தில எங்க போறீங்க?" என்று வேலிக்கு மேலால் வரும் கேள்வி, எல்லாம் இன்றைக்கே. பலனோ எங்கேயோ தொலைவில் இருக்கிறது. ஐந்து வருடம் கழித்து வரப்போகாத ஒரு பக்கவாதத்தைக் கண்ணால் காணமுடியாது, வராமல் போன வருத்தத்துக்கு யாரும் நன்றி சொல்வதுமில்லை. நாளைய நூறை விட இன்றைய பத்து மனிதனுக்குப் பெரிதாகத் தெரியும். எந்த வயதுக்காரருக்கும் இது பொருந்தும். ஊக்குவிப்பு செய்கிற வேலை, தூரத்துப் பலனில் ஒரு துண்டை வெட்டி இன்றைக்கே கையில் தருவது.

எவ்வளவு நடந்தால் போதும்? உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டல்படி, 65 வயதைத் தாண்டியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலசைவு நல்லது. மிதமான என்றால் பேசமுடிய வேண்டும், பாட்டுப் பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும். அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்குப் பலம் தரும் பயிற்சி, மூன்று நாளாவது தடுமாறாமல் நிற்கப் பழகும் பயிற்சி. நம் ஆட்கள் நடையை மட்டும் பிடித்துக்கொண்டு இந்தக் கடைசி இரண்டையும் விட்டுவிடுகிறார்கள். கையூன்றாமல் கதிரையிலிருந்து பத்துத் தரம் எழும்பி இருப்பதும், சுவரில் ஒரு விரலை வைத்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பதும் இந்தக் கணக்கில் சேர்ந்தவைதான். கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்பதை எல்லா வீட்டிலும் யாரோ ஒருவர் மூலம் கண்டிருக்கிறோம்.

பத்தாயிரம் அடி நடக்க வேண்டும் என்ற பேச்சு எல்லோர் வாயிலும் இருக்கிறது. 1964 டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த அடுத்த வருடம் ஜப்பானிய நிறுவனமொன்று விற்பனைக்குக் கொண்டுவந்த அடி எண்ணும் கருவிக்கு 'மான்போ கெய்' என்று பெயர். 'பத்தாயிரம் அடி மானி' என்று பொருள். எண் அங்கிருந்து பரவியதுதான், எந்த வைத்தியரும் கணக்குப் போட்டுச் சொன்னதல்ல. 2019இல் அமெரிக்காவில் சராசரி 72 வயதுடைய 16,741 பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வில், நாளுக்கு ஏறத்தாழ 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களின் இறப்பு வீதம் 41 சதவீதம் குறைவாக இருந்தது. 7,500 அடிக்கு மேல் போனவர்களுக்குக் கூடுதல் லாபம் பெரிதாகத் தென்படவில்லை. நோயில்லாதவர்கள் இயல்பாகவே அதிகம் நடப்பார்கள் என்பதையும் சேர்த்தே இந்த எண்களைப் பார்க்க வேண்டும். ஆனாலும் 71 வயதுக்காரியிடம் பத்தாயிரம் என்று சொல்லிப் பயமுறுத்துவது வீண்வேலை என்பது தெளிவு.

சரி, காசு கொடுத்தால் நடக்கிறார்களா? நடக்கிறார்கள். 2008இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், 50 வயதைத் தாண்டிய, உடலசைவு குறைந்த 51 பேரை நான்கு வாரம் பார்த்தார்கள். ஒரு பகுதியினருக்கு நடந்தாலும் நடக்காவிட்டாலும் ஒரே தொகை. மற்றப் பகுதியினருக்கு அவர்கள் உடலசைத்த நிமிடத்தைப் பொறுத்து வாராவாரம் கூடுதல் காசு. நிமிடக் கணக்கில் காசு பெற்றவர்கள் மற்றவர்களைவிட வாரத்துக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் அதிகம் அசைந்தார்கள். சிங்கப்பூரில் 2015 முதல் அரசே தேசிய அளவில் அடி எண்ணும் போட்டி நடத்தி, நடந்தவர்களுக்குப் புள்ளியும் புள்ளிக்குப் பொருள் வாங்கும் வவுச்சரும் கொடுத்துவருகிறது.

எனக்குச் சுவையாகப் பட்டது, அதே தொகையை எப்படிக் கொடுக்கிறோம் என்பதைப் பார்த்த ஆய்வு. 2016இல் வெளியானது. முதியவர்களை மட்டும் வைத்துச் செய்ததல்ல, உடல் எடை கூடிய 281 பேரை வைத்துச் செய்தது. நாளுக்கு 7,000 அடி இலக்கு, 13 வாரம். ஒரு குழுவுக்கு இலக்கைத் தொட்ட நாளுக்கு 1.40 டொலர். இன்னொரு குழுவுக்குச் சீட்டிழுப்பு. மூன்றாவது குழுவின் பெயரில் மாத ஆரம்பத்திலேயே 42 டொலரைப் போட்டுவிட்டு, தவறவிட்ட ஒவ்வொரு நாளுக்கும் 1.40 கழித்தார்கள். கணக்குப் பார்த்தால் முதல் குழுவும் மூன்றாவது குழுவும் ஒன்றுதான். ஆனால் எதுவும் கொடுக்காத குழு 30 சதவீத நாட்களில் இலக்கைத் தொட்டபோது, காசு கொடுத்த குழு 35, சீட்டிழுத்த குழு 36, காசைக் கழித்த குழு 45. கைக்கு வராத நூறு ரூபாயை விட, கையிலிருந்து போகிற நூறு ரூபாய் அதிகமாக உறுத்துகிறது. சந்தையில் இரண்டு மீனைக் கூடப் போட்டுத் தந்த சந்தோசம் வீட்டுக்கு வருமுன் மறந்துவிடும், ஒரு மீனைக் குறைத்துக் கட்டியது மூன்று நாளைக்கு மறக்காது.

ஆனால் அந்த ஆய்விலேயே, காசை நிறுத்திய பிறகு மூன்று குழுவும் இறங்கி, ஒன்றும் வாங்காதவர்களோடு ஏறத்தாழ ஒரே மட்டத்தில் வந்து நின்றன. என் தம்பியின் நூறு ரூபாய் விசயத்திலோ, காசு நிற்கும் முன்பே நடை நின்றுவிட்டது.

இதில் இன்னொரு பயமும் இருக்கிறது. 1973இல் செய்த பழைய சோதனையொன்றில், படம் வரைவதில் ஆசையுள்ள பாலர் பாடசாலைப் பிள்ளைகளில் ஒரு பகுதியினரிடம் "வரைந்தால் பரிசு தருவோம்" என்று முன்கூட்டியே சொல்லிப் பரிசு கொடுத்தார்கள். பிறகு பார்த்தால், தானாக வரைகிற நேரம் அந்தப் பிள்ளைகளுக்குத்தான் குறைந்திருந்தது. ஆசைக்குச் செய்த காரியம், பரிசுக்குச் செய்கிற காரியமாக மாறிவிட்டது. ஏற்கனவே ஆசையாக நடக்கிற ஒருவருக்குக் காசு கொடுக்கப் போகும்போது இதை நினைவில் வைத்திருக்க வேண்டும். விடியப்புறம் 1924இல் கட்டிய பழைய கல்லடிப் பாலத்தில் போய் நின்று பார்த்தால் தெரியும், வாவிக் காற்றுக்கு நடந்து வருகிறவர்களில் பாதிப்பேருக்கு எந்த ஊக்குவிப்பும் தேவையில்லை. ஒரு திட்டம் தொடங்கினால் முதலில் பெயர் கொடுக்க ஓடி வருகிறவர்களும் அவர்கள்தான்! பரிசெல்லாம் அவர்களுக்கே போய்விடும், கடப்படி தாண்டாத என் அம்மா அங்கேயே இருப்பா. அதனால் இலக்கு எல்லோருக்கும் ஒன்றாக இருக்கக்கூடாது. முதலில் ஒரு வாரம் அவரவர் எவ்வளவு நடக்கிறார் என்று பார்த்துவிட்டு, அதற்கு மேல் கொஞ்சம் கூட்டுவதுதான் நியாயம். நேற்று ஆயிரம் அடி நடந்தவருக்கு ஆயிரத்து ஐந்நூறும் வெற்றிதான்.

அம்மா சொன்ன 'கூலி' என்ற சொல்லுக்கு இப்போது வருகிறேன். சித்திரை வருடப்பிறப்பன்று நம் வீடுகளில் பெரியவர்கள் வெற்றிலையில் வைத்துக் கைவிசேடம் தருவார்கள். அது இருபது ரூபாயாக இருந்தாலும் யாரும் எண்ணிப் பார்த்துக் குறை சொல்வதில்லை, பல பேர் அந்தத் தாளைச் செலவழிக்காமல் பேர்சில் வைத்திருப்பார்கள். அதே இருபது ரூபாயை ஒருநாள் வேலைக்குக் கூலியாகக் கொடுத்துப் பாருங்கள், என்ன பேச்சு விழும் என்று தெரியும். காசு ஒன்றுதான். ஒன்று "நீ என்னுடைய ஆள்" என்று சொல்கிறது, மற்றது "இவ்வளவுதான் உன் பெறுமதி" என்று சொல்கிறது. தம்பி ஒரு நாள் நடைக்கு நூறு ரூபாய் என்று விலை வைத்ததும் அம்மாவுக்குக் கேட்டது இரண்டாவதுதான். பிள்ளைகளை வளர்த்துப் படிப்பித்து அனுப்பிய ஒருத்திக்குப் பிள்ளையே சம்பளம் போடுவது எவ்வளவு இடறும் என்று நாங்கள் இருவரும் யோசிக்கவில்லை.

பிலடெல்பியாவில் 65 வயதைத் தாண்டிய 94 பேரை வைத்துச் செய்து 2017இல் வெளியான ஆய்வொன்று இந்த இடத்தில் கைகொடுக்கிறது. சிலருக்கு நடந்ததற்கான காசை அவர்களுக்கே கொடுத்தார்கள், சிலருடையதை அவர்கள் விரும்பிய தருமத்துக்குக் கொடுத்தார்கள். இரண்டுமே ஏறத்தாழ ஒரே அளவுக்கு நடையைக் கூட்டின. தனக்குக் காசு வாங்கக் கூசுகிற ஒருவர், தன் நடையால் கோயில் அன்னதானத்துக்கோ பள்ளிவாசல் பெட்டிக்கோ பாலர் பாடசாலைக்கோ நாலு காசு போகிறதென்றால் தலையை நிமிர்த்தி நடப்பார்.

சீட்டிழுப்பு பற்றியும் ஒரு வார்த்தை. மேல்நாட்டுக் கட்டுரைகளில் அது மலிவான, நல்ல வழியென்று வரும். காத்தான்குடியிலோ அக்கரைப்பற்றிலோ அதை அப்படியே கொண்டுபோய் வைக்க முடியாது. சூது வாடை அடித்தாலே முஸ்லிம் பெரியவர்கள் பெயர் கொடுக்கமாட்டார்கள், அவர்கள் பக்கம் அது சரியான காரணம். திட்டம் போடுகிறவர் முதலில் ஊரைத் தெரிந்திருக்க வேண்டும்.

ஊரைத் தெரிந்தவருக்குக் கண்ணுக்கு முன்னாலேயே ஒரு புதிர் கிடக்கிறது. "எனக்கு ஏலா, கால் உழையுது" என்று சந்திக் கடைக்கும் ஓட்டோ பிடிக்கிற அதே பெரியம்மா, ஆடி வந்தால் கதிர்காமத்துக்கு நடக்கிறா. வடக்கிலிருந்து வருகிற பாதயாத்திரைக்காரர்கள் மட்டக்களப்பு தாண்டி, திருக்கோவில், பொத்துவில் வழியாக உகந்தைக்குப் போய், அங்கிருந்து குமண, யால காட்டுக்குள்ளால் போவார்கள். அந்தக் கூட்டத்தில் எழுபது வயதுக்காரர்களை எண்ணி முடியாது. யாரும் அவர்களுக்குக் காசு கொடுப்பதில்லை. பின்னே எது நடக்கவைக்கிறது?

பக்தி என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம். கொஞ்சம் பிரித்துப் பார்த்தால், ஊக்குவிப்பு ஆராய்ச்சிக்காரர்கள் வரிசை வரிசையாக எழுதுகிற அத்தனையும் அதற்குள் இருக்கிறது. நேர்த்தி வைத்தாயிற்று, அதுவும் நாலு பேர் அறிய. பின்வாங்கினால் இழப்பு. புறப்படும் நாள் கலண்டரில் நிச்சயம். கூட வருகிற கூட்டம் உண்டு, "பெரியம்மா, எழும்புங்க" என்று விடியச் சாமம் எழுப்ப ஆள் உண்டு. வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தலும் அன்னதானமும். ஒவ்வொரு நாளும் போய்ச் சேர ஒரு சிறு இலக்கு, இன்றைக்கு இந்தக் கோயில், நாளைக்கு அந்த ஆறு. நடந்து வந்தவர் என்ற மரியாதை ஊர் திரும்பிய பிறகும் மாதக்கணக்கில் நிற்கிறது. யாத்திரை வருடத்தில் சில நாள்தான், உடம்புக்குத் தேவை வாராவாரம். ஆனால் அதன் உறுப்புகளைக் கழற்றி எடுத்து வீட்டுத் தெருவில் பொருத்தலாம்.

கொம்புமுறியிலும் ஒரு பாடம் இருக்கிறது. கண்ணகி அம்மன் வழிபாட்டோடு வந்த அந்த விளையாட்டில், கொழுவிய இரண்டு கொம்புகளில் ஒன்று முறியும்வரை கயிறு கட்டி இழுக்க, ஊரே வடசேரி, தென்சேரி என்று இரண்டு வாரமாக, அதாவது இரண்டு பக்கமாகப் பிரிந்து நிற்கும். தனக்கென்று ஒரு துரும்பையும் தூக்காதவர் தன் பக்கத்துக்காகக் கயிறு பிடிப்பார். கீழத்தெரு, மேலத்தெரு என்று இரண்டு குழுவாக்கி வாரமுடிவில் மொத்த நாட்களைக் கூட்டிப் பார்ப்பதும் அப்படித்தான். குழுவென்று வந்துவிட்டால், வராதவரை மற்றவர்களே கடப்படியில் நின்று கூப்பிடுவார்கள்.

பெண்களுக்கு இன்னொரு தடை, அதைச் சொல்லாமல் விடமுடியாது. வயதான பொம்பிளையொருத்தி காரணமில்லாமல் ரோட்டில் கைவீசி நடப்பது நம் ஊர்களில் இன்னும் பழக்கப்படாத காட்சி. கையில் ஒரு பூக்கூடை இருந்தால் அதே நடை கோயிலுக்குப் போகிற நடை. பேத்தியின் கையைப் பிடித்திருந்தால் பாலர் பாடசாலைக்கு விடப்போகிற நடை. சொல்லிக்கொள்ள ஒரு போக்கிடம் இருப்பதே பல பேருக்கு நூறு ரூபாயை விடப் பெரிய ஊக்குவிப்பு.

எங்கள் தெருவில் பிறகு நடந்ததைச் சொல்கிறேன், வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள், ஒன்பது பேர் பெண்கள். ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் முதலிலேயே போட்டார்கள். வாரத்துக்கு ஐந்து நாள், ஐந்து வாரம், மொத்தம் இருபத்தைந்து நாள். வராத நாளுக்கு இருபது ரூபாய் அன்னதானத்துக்குப் போகும், மிச்சம் அவரவர் கைக்குத் திரும்பும். போகிற காசும் தருமத்துக்குத்தான் என்பதால் தண்டம் கட்டுகிற வெட்கமில்லை. ஆனாலும் திரும்பிவரும் தொகை குறைந்தால் மனம் உறுத்தத்தான் செய்தது. எடையையோ சீனி அளவையோ நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை. அவை ஒருவரின் கைக்குள் முழுதாக அடங்கியவை அல்ல, மருந்து, சாப்பாடு, பரம்பரை எல்லாம் சேர்ந்து தீர்மானிப்பவை. வந்தாரா, அரை மணி நேரம் நடந்தாரா என்பது மட்டும்தான் கொப்பியில். போனில் அடி எண்ணலாம் என்று ஒரு பிள்ளை சொன்னான். அடுத்த நாளே ஒரு மாமாவின் போன் பேரனின் காற்சட்டைப் பைக்குள் கிரிக்கெட் விளையாடப் போனது கண்டுபிடிக்கப்பட்டது, அந்த யோசனை அதோடு சரி.

முதல் வாரத்திலேயே ஒரு பிழை விட்டோம். காய்ச்சலோடு ஒருவர் இருபது ரூபாய் போய்விடும் என்று நடக்க வந்துவிட்டார். ஊக்குவிப்பின் மறுபக்கம் இது, பலனைப் பிடிக்கப் போய் உடம்பை விடுவது. அதன் பிறகு ஐந்து வாரத்துக்கு மூன்று 'லீவு' என்று எழுதினோம், காரணம் கேட்பதில்லை. மழை நாள் எல்லோருக்கும் லீவு. வரண்ட கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் ஆறரைக்கு முன் முடித்துவிட வேண்டும், ஏழு மணிக்கே வெயில் கடிக்கத் தொடங்கிவிடும். சீனி வருத்தக்காரர் செருப்பில்லாமல் வரக்கூடாது, சீனி இறங்கினால் வாயில் போடப் பையில் ஒரு டொபி இருக்க வேண்டும், வீட்டுக்குப் போனதும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். நெஞ்சு வருத்தம் உள்ளவர்களும் நடக்கும்போது நெஞ்சு இறுக்கம், தலைச்சுற்று வருகிறவர்களும் கிளினிக்கில் கேட்டுவிட்டுத்தான் சேர்ந்தார்கள். இந்த விசயத்தில் கண்டிப்பு வேண்டும்.

பெரிய அளவில் செய்ய விரும்புகிறவர்கள் புதிதாக எதையும் கட்டத் தேவையில்லை. 2012 குடிசனக் கணக்கெடுப்பிலேயே இலங்கையில் 60 வயதைத் தாண்டியவர்கள் 12.4 சதவீதம், அது ஏறிக்கொண்டே போகிறது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு கிராம மட்டத்தில் முதியோர் சங்கங்கள் வந்துவிட்டன. ஒக்டோபர் 1 முதியோர் தினத்துக்குச் சங்கத்தில் பரிசு கொடுப்பதும் பழக்கம்தான். அந்தப் பரிசைப் பாட்டுக்கும் சங்கீதக் கதிரைக்கும் கொடுப்பதோடு, மூன்று மாதம் விடாமல் வந்தவர்களுக்கும் கொடுத்தால் செலவு அதேதான்.

இருபத்தைந்து நாள் முடிந்ததும் கணக்குத் தீர்த்து மிச்சக் காசை அவரவர் கையில் கொடுத்தோம். அடுத்த சுற்றுக்குக் காசு போட வேண்டுமா என்று கேட்டேன். நாலு பேர் போட்டார்கள், மற்றவர்கள் "மறுகா பார்ப்பம்" என்றார்கள். ஆனால் அடுத்த நாள் காலை பதினொரு பேர் வந்திருந்தார்கள். வராத அந்த ஒருவரின் வீட்டுக் கடப்படியில் அம்மா நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவது எங்கள் வீட்டுக்குக் கேட்டது.

கொப்பியை எழுதுகிற பொறுப்பு அம்மாவுடையது. முதல் நாளே அதை அவவிடம் கொடுத்தது எனக்கு வந்த ஒரே நல்ல யோசனை என்று நினைக்கிறேன். கொப்பி எழுதுகிறவர் வராமல் இருக்க முடியாதே. தம்பி போனில் "எத்தன நாள் நடந்தீங்க, எவ்வளவு அனுப்ப?" என்று இப்போதும் பகிடிக்குக் கேட்பான். போன சித்திரைக்குக் குழுவில் மூத்தவரான 83 வயது ஐயா, நடந்து முடிந்த இடத்திலேயே நின்று எல்லோருக்கும் வெற்றிலையில் வைத்து இருபது ரூபாய் கைவிசேடம் கொடுத்தார். அம்மாவின் தாள் இன்னும் அந்தக் கொப்பிக்குள்தான் இருக்கிறது. பங்குனிப் பக்கத்தில் தன் பெயருக்கு நேரே இரண்டு இடத்தில் "வரல்ல" என்று அவவே எழுதியிருக்கிறா.